விட்ட மீனும் இருந்த மீனும்

நீலகிரியின் மேலோடைகளில் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் டிரவுட் மீனுக்கு இன்றுவரை தமிழில் ஒரு பெயர் இல்லை. கயல், கெண்டை, சேல், வாளை, வரால், ஆரல், அயிரை, கெளிறு என்று மீன்களைப் பெயர்சொல்லி அழைத்து, பெண்ணின் கண்ணுக்கு உவமையாக்கி, பாண்டியன் கொடியிலும் ஏற்றிப் பார்த்த மொழி நம்முடையது. கடல் கடந்து வந்த மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் அது தயக்கமின்றிப் பெயர் தந்தது. டிரவுட்டுக்கு மட்டும் தரவில்லை. காரணம் எளியது. மிளகாய் நம் அடுக்களைக்கு வந்தது, டிரவுட் வரவில்லை. அது துரைமார்களின் தூண்டிலுக்காகக் கொண்டுவரப்பட்டது. உரிமச்சீட்டு இல்லாதவர் இறங்கக் கூடாத நீரில் வாழ்ந்தது. பிடிக்காத, தின்னாத ஒன்றுக்கு மக்கள் ஏன் பெயர் வைக்கப் போகிறார்கள்?

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு டிரவுட்டைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீரின் வெப்பம் 20 பாகையைத் தாண்டினால் டிரவுட் தவிக்கத் தொடங்கும். அதன் முட்டை பொரிவதற்கு அதைவிடவும் வெகுவாகக் குளிர்ந்த நீர் வேண்டும். சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2700 அடி உயரம், பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4000 அடி. சித்திரை மாதத்தில் இம்மலையின் ஓடைகளில் கால் நனைத்தவர்களுக்கு அது டிரவுட் வாழும் நீரல்ல என்பது விளங்கும். அதில் நமக்கு வருத்தமும் இல்லை. நாம் பேச வந்தது அந்த மீனைப் பற்றியே அன்று. ஒரு நீரின்மீது தனியுரிமை பெற்றவர்கள் அந்நீரை எவ்வாறு வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றி. டிரவுட் நீர்களை ஆண்டவர்களிடமிருந்து கற்க வேண்டியதை விட்டுவிட்டு, கற்கக் கூடாததைக் கற்றுக்கொண்டோம் என்பது நம் கருத்து.

வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1863இல் நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். முயற்சி தோற்றது. (இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலைப் பின்னாளில் எழுதி, 1875 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டவர் இவரே. நம் ஆறுகளின் மீன்களை எண்ணிப் பெயரிட்டவரும் அவற்றுக்கிடையே அயல்மீனை விட முயன்றவரும் ஒரே மனிதர் என்பது யோசிக்கத்தக்கது.) அடுத்த ஆண்டே, 1864இல், பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தன. ஈரப்பாசியில் முட்டைகளைப் பொதிந்து, பெட்டிகளைப் பனிக்கட்டிகளுக்கு நடுவே அடுக்கி, நார்ஃபோக் என்ற பாய்மரக் கப்பலில் நிலநடுக்கோட்டைக் கடத்திக் கொண்டுபோனார்கள். முட்டைக்குள் கண் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியும் பருவம் ஒன்று உண்டு. அப்பருவத்தில் முட்டை ஓரளவு அதிர்ச்சியைத் தாங்கும்; குளிர் குறையாதவரை நெடும்பயணம் போகும். இந்த நுணுக்கம் பிடிபட்ட பிறகு உலகில் டிரவுட் போகாத குளிர்மலை குறைவு. 1880களில் இலங்கையின் நுவரெலியாவுக்கு வந்தது. 1900இல் காஷ்மீரில் வேர்கொண்டது. நீலகிரியில் அது நிலைத்தது 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான். எச். சி. வில்சன் என்ற மீன்வளர்ப்பு வல்லுநர் பழுப்பு டிரவுட்டை நம்பிக்கொண்டிராமல், சற்று வெப்பம் தாங்கக்கூடிய வானவில் டிரவுட்டைக் கையிலெடுத்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது.

அந்தப் பொரிப்பகத் தொழிலை ஒருமுறையேனும் மனக்கண்ணில் காண்பது நல்லது. முட்டை முற்றிய பெண்மீனைக் கையில் பிடித்து, வயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல வருடி, ஈரமற்ற தட்டில் முட்டைகளைச் சரிய விடுகிறார்கள். ஆண்மீனின் விந்தை அதன்மேல் பிழிந்து இறகால் கலக்குகிறார்கள். தண்ணீர் அதற்குப் பின்புதான். ஏனெனில் விந்தணு தண்ணீரில் பட்டதும் அரை நிமிட அளவே வீரியத்தோடு இருக்கும். பிறகு ஓடும் குளிர்நீரில் தட்டுகளை வைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செத்து வெளுத்த முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய வேண்டும், இல்லையேல் பூஞ்சை பரவி முழுத்தட்டும் போகும். பொரிந்த குஞ்சு சில வாரங்கள் தன் வயிற்றில் தொங்கும் மஞ்சட்கருப் பையிலுள்ள ஊட்டத்திலேயே வாழும். அது தீர்ந்த பின்னர் இரை கொடுத்து விரலளவு வளர்த்து ஓடையில் விடுவார்கள். ஒரு நாற்றங்காலைப் பேணும் உழவரின் பொறுமை இதில் இருக்கிறது. மறுப்பதற்கில்லை.

அப்படி விட்ட நீரை அவர்கள் சும்மா விட்டுவிடவுமில்லை. நீலகிரியில் வேட்டைச் சங்கம் 1877இல் தொடங்கியது. 1879இல் நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கவென்றே சென்னை மாகாணத்தில் தனிச்சட்டம் வந்தது. மூணாறில் தேயிலைக் கம்பெனியின் நிலங்களுக்குள் ஓடிய நீரைத் தோட்டத் துரைமார்களின் தூண்டில் சங்கம் பார்த்துக்கொண்டது. எந்த மாதத்தில் பிடிக்கலாம், எவ்வளவு நீளத்துக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட வேண்டும், ஒருவர் ஒரு நாளில் எத்தனை எடுக்கலாம், எந்தத் தூண்டில் கூடும், எது கூடாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. காவலாளிகள் இருந்தனர். வெடி வைப்பவரும் நஞ்சு கலப்பவரும் அந்தப் பக்கம் நெருங்க முடியவில்லை. ஓடைக்கு நீர்தரும் புல்வெளியும் சோலையும் உடன்விளைவாகத் தப்பின. கம்பெனியின் தனி வேட்டைக்களமாக 1971வரை இருந்த இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனபோது அங்கே காப்பதற்கு வரையாடுகள் மிச்சமிருந்தன. இந்தக் கணக்கை வரவில் எழுதாமல் இருப்பது நேர்மையாகாது. வெள்ளையர் செய்ததெல்லாம் கேடு என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவது எளிது; நம் பக்கத்தில் யார் எந்த ஓடைக்கு அப்படி ஒரு காவலாளியை வைத்தோம் என்று கேட்டுக்கொள்வது அவ்வளவு எளிதன்று.

ஆனால் செலவுப் பக்கமும் உண்டு. அந்த வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட மலைமக்கள் முதல் செலவு. வேலிக்குள்ளேயே இருந்து, யாரும் எண்ணிப் பார்க்காத சிற்றுயிர்கள் இரண்டாம் செலவு. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைமேல் ஏரிகளில் முன்பு மீனே கிடையாது; தவளைகள் நிறைந்திருந்தன. தூண்டில்காரர்களுக்காக அங்கு டிரவுட் விடப்பட்டது. தலைப்பிரட்டைகளை அது தின்று தீர்த்தது. பின்னாளில் ஆய்வாளர்கள் சில ஏரிகளிலிருந்து டிரவுட்டை வலைபோட்டு முழுதாக அகற்றினார்கள், தவளைகள் திரும்பின. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சார்பில் தொகுக்கப்பட்ட மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகளின் பட்டியலில் பழுப்பு டிரவுட்டும் வானவில் டிரவுட்டும் இரண்டுமே இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சி ஓடைகளோ, வேறெங்கும் காணக் கிடைக்காத தவளையினங்களுக்குப் பேர்போனவை.

டிரவுட் தனக்கு உகந்த நீரிலாவது, விட்டால் பெருகுமா? இங்கேதான் கதை திரும்புகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மாடிசன் ஆறு டிரவுட்டுக்குப் பெயர்பெற்றது. பொரிப்பகத்து மீன்களை ஆண்டுதோறும் அதில் கொட்டினார்கள். 1960களின் இறுதியில் வின்சென்ட் என்ற மீனியல் அறிஞர் ஆற்றின் ஒரு பகுதியில் மீன் விடுவதை நிறுத்திப் பார்த்தார். ஆற்றில் தானே பிறந்து வளரும் டிரவுட் அங்கே பன்மடங்கு கூடியது. அதுவரை மீன் விடாத ஓர் ஓடையில் விட்டுப் பார்த்தார். அங்கே இருந்த மீன் குறைந்தது. தொட்டியில் நெருக்கடியில் வளர்ந்த மீனுக்கு ஓடையின் ஒழுங்கு தெரியாது. ஒவ்வொரு கல்லின் மறைவிலும் ஒரு மீன் தனக்கென இடம்பிடித்து வைத்திருக்கும். புதிதாகக் கொட்டிய கூட்டம் அதைக் கலைக்கும். கலைத்துவிட்டுக் குளிர்காலத்தில் தானும் பெரும்பாலும் செத்துப்போகும். 1974இல் மொன்டானா தன் ஆறுகளில் பொரிப்பகத்து டிரவுட் விடுவதைக் கைவிட்டது. தனியார் நீர்களுக்குத் தாயகமான இங்கிலாந்திலும் 2015 முதல், ஆறுகளில் விடும் பழுப்பு டிரவுட் ஒன்று இனம்பெருக்க முடியாத மலட்டு மீனாக இருக்க வேண்டும், அல்லது அந்த ஆற்றின் சொந்த மீனிலிருந்து வளர்த்ததாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. பண்ணை மீன் ஆற்று மீனோடு கலந்துவிடக் கூடாது என்னும் அச்சம். விட்ட மீனைவிட இருந்த மீனே பெரிது என்னும் முடிவுக்கு அந்த விளையாட்டின் பிதாமகர்களே வந்து சேர நூறாண்டு பிடித்தது.

நமக்கு அருகிலேயே இதைவிடக் கசப்பான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. காவிரியில் திமில் போன்ற முதுகுடைய மகாசீர் ஒன்று வாழ்ந்தது. 1946இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு எடை. கர்நாடக எல்லையில், தமிழ்நாட்டை ஒட்டியே ஓடும் காவிரியின் ஒரு நீளத்தைப் பெங்களூரில் 1972இல் தொடங்கிய தூண்டில்காரர் சங்கம் குத்தகைக்கு எடுத்தது. வெடி வைப்பவர்களைத் துரத்தியது. பிடித்த மீனை எடைபார்த்துத் திரும்ப ஆற்றிலேயே விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. மிக நல்ல காரியங்கள். கூடவே, மகாசீர் பெருகட்டும் என்று மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவிலுள்ள பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைத் தருவித்து விட்டார்கள். அது நீலத்துடுப்பு மகாசீர், இனம் வேறு. காவிரியில் அது நன்றாகவே பெருகியது. தூண்டில் முகாம்களின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் பின்னர் ஆண்டுவாரியாகப் புரட்டியபோது, நீலத்துடுப்பின் எண்ணிக்கை ஏறியதும் திமில் மகாசீர் அரிதாகிப்போனதும் ஒரே காலத்தில் நடந்திருப்பது தெரிந்தது. அணைகளும் மணல் அள்ளுதலும் காரணங்களே. ஆயினும் விட்ட மீனின் பங்கை ஒதுக்கிவிட முடியாது. உச்சமான வேடிக்கை, அந்தப் பெருமீன் எந்த இனம் என்பதே 2018வரை அறிவியலில் உறுதியாகாமல் இருந்ததுதான். பெயர் உறுதியான அதே ஆண்டிலேயே, அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் அது சேர்ந்தது. அன்பு குறைவால் வந்த கேடல்ல இது. அக்கறையுள்ளவர்கள், செலவு செய்து, உழைத்து, நல்லெண்ணத்தோடு செய்தது.

இப்போது கள்ளக்குறிச்சிக்கு வருவோம். தனியார் மீன்நீர் என்றதும் வெளிநாட்டுச் சீமான்களின் ஓடையை நினைத்துக்கொள்கிறோம். இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் இயற்றப்பட்டபோது தனியார் நீர் என்பதற்குத் தந்த விளக்கம் வேறு. ஒருவருக்குச் சொந்தமான நீர் மட்டுமன்று. உரிமையாளராகவோ குத்தகைக்காரராகவோ வேறு எவ்வகையிலோ ஒருவர் மீன்பிடிக்கும் தனியுரிமை பெற்றுள்ள நீரும் தனியார் நீரே. அந்த விளக்கத்தின்படி நம் ஊர் ஏரி, மீன்பாசி ஏலம் முடிந்த மறுகணம் தனியார் நீராகிவிடுகிறது. ஏலம் எடுத்தவர் சில ஆண்டுகளுக்கு அந்த ஏரியின் துரை. அவர் என்ன செய்கிறார்? கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். மேல்நீரில் மேய்வது ஒன்று, நடுநீரில் ஒன்று, அடியில் ஒன்று; ஒன்றின் இரையை மற்றொன்று தொடாது. அழகான கணக்கு. ஆனால் இவை வட இந்தியப் பேராறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும் பழக்கமுடையவை ஆதலால் தேங்கிய ஏரியில் இனம்பெருக்குவதில்லை. 1957இல் ஹிராலால் சௌத்ரி கட்டாக்கில் ஊக்குநீர் ஊசி போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்ததற்குப் பிறகுதான் குஞ்சு உற்பத்தி தொழிலாகி நாடெங்கும் பரவியது. ஆக, கள்ளக்குறிச்சி ஏரியின் கட்லாவும் அவலாஞ்சி ஓடையின் டிரவுட்டும் உறவுக்காரர்கள்தாம். இரண்டும் மனிதர் கைபட்டுப் பிறந்து, விடப்பட்டு, எண்ணப்பட்டு, எடுக்கப்படுபவை.

மீன்வளர்ப்புக் கையேடுகளில் ஒரு சொல் வருகிறது: களை மீன். குஞ்சு விடும் முன் குளத்திலுள்ள களை மீன்களை ஒழிக்க வேண்டும். அதற்கு ஹெக்டேருக்கு 2500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து விடலாம். அடைபட்ட வளர்ப்புக் குளத்துக்கு இது சரியான முறையே, நாம் மறுக்கவில்லை. நம்மை உறுத்துவது சொல்தான். எவை களை? சிறு கெண்டை, அயிரை, குறவை, கெளுத்தி, விரால். பாட்டுக்குள் வாழ்ந்த பெயர்கள் அத்தனையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. பயிர் என்றால் விட்ட மீன். களை என்றால் இருந்த மீன். இலக்கியம் பயிற்றும் நம்மைப் போன்றோர் இந்தச் சொல்லாட்சியைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, வகுப்பறையில் கயலையும் சேலையும் பற்றி உரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒருமுறை வகுப்பில், உங்கள் ஊர் நீரில் என்னென்ன மீன் உண்டு என்று கேட்டோம். ஏரிப்பாசன ஊர்களிலிருந்து வந்த மாணவர்கள் கட்லா, ரோகு, ஜிலேபி என்றார்கள். மூன்றுமே வந்தேறிகள், ஜிலேபிக்குத் தமிழ் மக்கள் பலகாரத்தின் பெயரையேனும் வைத்தார்கள். வெள்ளிமலைப் பக்கத்து மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, நிறுத்தாமல் ஏழெட்டுப் பெயர்களைச் சொன்னாள். சில பெயர்கள் நாம் எந்த அகராதியிலும் கண்டிராதவை. ஒவ்வொன்றையும் எந்தக் கல்லிடுக்கில், எந்த மழைக்குப் பின் பார்க்கலாம் என்றும் சொன்னாள். வகுப்பு சிரித்தது.

மறுதரப்பில் நியாயம் இல்லாமலில்லை. மலிவான மீனுணவு வேண்டும். ஊராட்சிக்கு ஏலத்தொகை வேண்டும். வயிற்றுக்கில்லாதவனிடம் அயிரையின் அழகைப் பேசுவது அருவருப்பானது. ஏரிகளில் பெரும்பாலானவை இனி மீன்பண்ணைகளாகவே இருக்கும், இருக்கட்டும். ஆயினும் டிரவுட் துரைக்கு இருந்த கட்டுப்பாடுகளில் நாலில் ஒன்றாவது நம் குத்தகைக்காரருக்கு ஏன் இல்லை? சிறுமீனைத் திரும்ப விடு என்று சொல்வாரில்லை. புதுவெள்ளத்தில் முட்டையிட ஏறிவரும் மீனை மதகடியில் அள்ளாதே என்று சொல்வாரில்லை. குத்தகை முடியும் கோடையில் நீரை வடித்து, கண்ணி சிறுத்த வலையால் சேற்றோடு துடைத்து எடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஏலம் யாருக்கோ, அவர் ஏன் எதையும் மிச்சம் வைக்க வேண்டும்? தனியுரிமை நீண்டகாலத்துக்கு இருந்தபோது அது கட்டுப்பாட்டைப் பெற்றது. குறுகியபோது கொள்ளையைப் பெற்றது. மீன் விடுவதை அவர்களிடமிருந்து வாங்கினோம். மீனை விட்டுவைப்பதை வாங்கவில்லை.

ஏரியை இந்த மட்டில் நிறுத்தி மலைக்குப் போவோம். கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் கல்வராயனில் பிறப்பவை. கச்சிராயபாளையத்தை ஒட்டி, 46 அடி நீரைத் தேக்கும் கோமுகி அணை மலையடிவாரத்தில் நிற்கிறது. அணைக்குக் கீழே எல்லாம் கணக்கில் வந்துவிட்டது. மேலே, கல்லும் மடுவுமாக ஓடும் நீரில், இருந்த மீன் இன்னும் இருக்கிறது. வெடியும் வெளுப்புத்தூளும் எட்டாத மடுக்களில் மட்டும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்களாக, தனியார் உடைமையாகவே இருந்தது. 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது. ஆக, நிலமும் நீரும் தனியொருவர் சொத்தாக இருப்பது எப்படியிருக்கும் என்பது அங்குள்ள முதியவர்களுக்கு நூலறிவு அன்று. ஜாகிர் போய் வனத்துறை வந்தபோது மக்களுக்கு உரிமை வந்துவிடவில்லை என்பதும் அவர்கள் அறிந்ததே.

சுற்றுலா வளர்க்கிறோம் என்று அருவிகளுக்குக் கீழே அழகுமீனோ வளர்ப்புமீனோ விடும் யோசனை என்றைக்காவது எவருக்கேனும் தோன்றலாம். தோன்றும் முன்பே செய்யத்தக்கது ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டிலுள்ள நீர்நிலைகளின் மீன் முதலியவற்றின்மீது சமூக உரிமையை வெளிப்படையாகக் கூறுகிறது. நீராதாரங்களைக் காக்கும் அதிகாரத்தையும் கிராமசபைக்குத் தருகிறது. பட்டா நிலத்துக்காகவே இச்சட்டத்தை நாம் பெரிதும் பேசுகிறோம். மீன் என்ற சொல் அதற்குள் இருப்பதைக் கவனிப்பாரில்லை. ஒரு மலையூர் தன் ஓடையில் ஒரு பர்லாங்கு தூரத்துக்கு அந்த உரிமையைக் கேட்டு வாங்கட்டும். ஒரு குஞ்சுகூட வெளியிலிருந்து விட வேண்டாம். முதல் வெள்ளத்தை ஒட்டிய வாரங்களில் எவரும் இறங்குவதில்லை. வெடியும் நஞ்சும் கூடவே கூடாது. வெயிற்காலத்தில் வற்றாத மடு ஒன்றில் எந்நாளும் எவரும் கைவைப்பதில்லை. இந்த மூன்று விதிகள் போதும். கடைசி விதி நமக்கு அந்நியமானதன்று. சிருங்கேரியில் துங்கையின் படித்துறைக்கு முன்னால் மகாசீர்கள் கூட்டமாகத் திரிவது இப்படியான ஒரு தடையினால்தான். அங்கே பொரிப்பகம் வேண்டியிருக்கவில்லை.

நம் கல்லூரிகளின் பங்கும் இதில் உண்டு. அந்த ஓடையின் மீன்களை அவ்வூர்க்காரர்கள் சொல்லும் பெயராலேயே முதலில் எழுதிவைக்க வேண்டும். விலங்கியல் துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்து செய்தால் ஒரு மழைக்காலத்தில் முடிகிற வேலை. பெயர், பிடிபடும் இடம், முட்டையிடும் பருவம், உண்ணும் முறை. எந்த ஓடை, எந்த மடு என்பதை நாம் தீர்மானிக்க வேண்டாம். அந்த ஊர்ச் சபை சொல்லட்டும்.